கூகைமலையின் எட்டாம் குழி

ஓடிப்போனாள் என்று சொல்கிறவர்கள், எதைக் கொண்டுபோனாள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். இரண்டு வெள்ளாடு, ஒரு சுருள் பனைநார்க் கயிறு, ஒரு சின்னக் கலயத்தில் தேன். கல்தச்சனோடு ஓடுகிறவள் ஆட்டைப் பிடித்துக்கொண்டா ஓடுவாள்? அதுவும் பட்டப்பகலில், ஊர்த்தலைவர் அம்பலக்காரர் வீட்டு வாசல் வழியாக?

போன வாரம் அன்னவாசலிலிருந்து எங்கள் அழகியைப் பெண் பார்க்க வந்தார்கள். பூ வைத்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. வருகிற வழியில் சோடா குடிக்க நின்ற இடத்தில் யாரோ ஊதிவிட்டார்கள், அந்தப் பெண்ணின் அப்பத்தா, புருஷன் கால் ஒடிந்து கிடக்கையில் பிள்ளையையும் விட்டுவிட்டுக் கல்தச்சனோடு போனவள் என்று. கொண்டுவந்த பூவைப் பிரிக்காமலே திரும்பிவிட்டார்கள். அந்த அப்பத்தாதான் மூக்காயி. அவள் செத்து ஆறு வருஷம் ஆகிறது, எழுந்துவந்து பதில் சொல்ல மாட்டாள். அவள் புருஷன் வெள்ளைச்சாமி என் கூடப்பிறந்த அண்ணன். நாத்தனார் ஒருத்தி அண்ணன் பெண்டாட்டிக்குப் பரிந்து பேசுகிறாள் என்றால், அதில் பொய் இருக்காது என்பது ஊருக்கே தெரியும். எனக்கு எழுத்துத் தெரியாது. நடந்ததைச் சொல்லத் தெரியும்.

கல்தச்சனோடு அவள் போகவில்லை. கல்தச்சனைத் தேடிப் போனாள்.

கூகைமலையைக் குளத்தூர்ச் சாலையில் நின்று பார்த்தால் கவிழ்த்துவைத்த பானை மாதிரி இருக்கும். கிழக்கு முகம் மொட்டைப் பாறை. அதில் சாய்வாக மேலே போகும் பதினோரு குழிகள். யார் வெட்டினது என்று எங்கள் தாத்தாவுக்கும் தெரியாது. ஒரு குழியில் பாதிப் பாதம்தான் அடங்கும். கைக்குப் பிடி கிடையாது. உள்ளங்கையைப் பாறையில் அப்பிவைத்துக்கொண்டு கால் மாற்றிக் கால் வைத்துப் போக வேண்டும். பதினோராம் குழிக்கு மேலே இரண்டு பேர் நிற்கிற அகலத்துக்கு ஒரு திட்டு. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கயிறு. அங்கிருந்துதான் தேனடைக்கு இறங்குவது. பங்குனி உத்திரத்தன்று எங்கள் ஊர்ச் சாமிக்குப் பஞ்சாமிர்தத்தில் விடுவது இந்த மலைத்தேன்தான். கடைத்தேன் ஆகாது. ஏறுகிற முறை எங்கள் வீட்டுக்கு. தாத்தா ஏறினார், அப்பா ஏறினார், பிறகு அண்ணன். திட்டில் நின்று கயிறு பிடிப்பவன் ஏறுகிறவனின் பெண்டாட்டியோடு பிறந்தவனாக இருக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்று அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. அண்ணனுக்குக் கயிறு பிடித்தவன் மூக்காயியின் தம்பி திருப்பதி.

மூக்காயி கந்தர்வக்கோட்டைப் பக்கம் பிறந்தவள். அங்கே செம்மண்ணும் முந்திரிக்காடும்தான். ஏறி விழ ஒரு மேடு கிடையாது. கல்யாணமான வருஷம் புருஷன் பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு அவன் ஏறுகிற நாளில் அடுப்புப் பற்றவைக்க மாட்டாள். அவன் இறங்கிவந்து வாசலில் காலை வைத்த பிறகுதான் நெருப்பு. விடியுமுன்னே அவனை உட்காரவைத்து உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவிப் பார்ப்பாள். வியர்த்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று. பார்த்துத் துடைத்துத்தான் அனுப்புவாள். அண்ணன் சிரிப்பான். மாட்டுத் தரகன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்பான். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை, அந்த நேரத்தில்.

அப்புறம் யுத்தம் வந்தது. எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் பர்மாவில் இருந்தார்கள். என் வீட்டுக்காரரும் அங்கேதான், ஒரு நெல் மில்லில். ரங்கூனில் குண்டு விழுந்தது, ஜனங்கள் காடும் மலையும் நடந்தே வருகிறார்கள் என்று பேச்சு வந்தது. காகிதம் வருவது நின்றுபோயிற்று. அந்தச் சமயத்தில் புதுக்கோட்டைக்காரி ஒருத்தி எங்கள் மலைக்கு வந்தாள். முதல் குழியைப் பார்த்தாளாம், காலடி மாதிரி இருக்கிறதே என்று தோன்றிற்றாம். என் பிள்ளை வைக்கிற அடிக்கு வெளிச்சம் என்று சொல்லி அந்தக் குழியில் எண்ணெய் விட்டுத் திரி போட்டு ஏற்றினாள். இருபதாம் நாள் அவள் மகன் தாடியும் வீங்கின காலுமாக வாசலில் வந்து நின்றான்.

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம். அப்போது பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடுகிற கரி பஸ்தான். மேட்டில் ஏற மாட்டாமல் பஸ் நின்றுவிடும். பெண்கள் இறங்கித் தள்ளிவிட்டு, கையெல்லாம் கரியாக எண்ணெய்த் தூக்கோடு வருவார்கள். புருஷன், மகன், அண்ணன், தம்பி, யாராவது ஒருவர் எல்லோருக்கும் பர்மாவில் இருந்தார்கள். மண்ணெண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் திண்டாட்டமான காலம். இலுப்பை எண்ணெய்தான் ஊற்றினார்கள். எங்கள் ஊர் மருதாயி பாறையடியில் திரியும் எண்ணெயும் விற்க உட்கார்ந்துவிட்டாள். கைக்கு எட்டுகிற மூன்று குழிகளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பதினோரு குழியும் எரிந்தால்தான் ஆள் வீடு வந்து சேருவான் என்று யாரோ சொல்ல, மேல் குழிகளுக்கு எண்ணெய் கொண்டுபோவது என் அண்ணன்தான் என்றாகிவிட்டது. அழுதுகொண்டு நிற்கிற பெண்களிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் அவன். இடுப்பில் தூக்கைக் கட்டிக்கொண்டு ஏறினான்.

இலுப்பை எண்ணெய் எப்படிப்பட்டது என்று புழங்கினவர்களுக்குத் தெரியும். பனிக்காலத்து விடியற்காலையில் நெய் மாதிரி உறைந்து கிடக்கும். தொட்டால் வழுக்காது, பார்த்தால் தெரியாது. வெயில் பட்டால் உருகும். கிழக்குப் பாறையில் வெயில் காலையிலேயே விழுந்துவிடும். தேன் எடுப்பவன் இருட்டு பிரியும்போது ஏறி, வெயில் ஏறுகையில் இறங்குகிறவன். ஏறும்போது இருந்த குழி இறங்கும்போது இராது.

இதை முதலில் கண்டுபிடித்தவள் மூக்காயி. தேன் எடுத்துவிட்டு வந்தவனின் உள்ளங்காலைத் தடவினாள். கட்டைவிரலை மூக்கில் வைத்துப் பார்த்தாள். இலுப்பை வாசம். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பாறையடிக்குப் போய் நின்றாள். நானும் கூட இருந்தேன். சொர்ணவல்லி என்று ஒரு ஆச்சி, ஒரே மகனைப் பர்மாவில் மௌல்மீனில் விட்டுவிட்டுத் தவறாமல் வருகிறவள், முதல் குழியில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி, நீங்க ஊத்துற எண்ணெயிலதான் எம்புருசன் காலு வைக்கிறாக" என்றாள் மூக்காயி.

"ஒம்புருசன் பொழுது சாஞ்சா வீட்டுக்கு வந்து சோறு திங்கிறாருல்ல. எம்மவன் எந்தக் காட்டுல கெடக்கான்னு எனக்குத் தெரியாது தாயி."

"இவுக நாளைக்கும் சோறு திங்க வரணும்ல ஆச்சி."

சொர்ணவல்லி ஆச்சி தூக்கைச் சாய்த்தாள். எண்ணெய் குழிக்குப் போகாமல் சேலையில் கொட்டியது. மூக்காயிதான் முந்தானையால் துடைத்துவிட்டாள். திரும்பி வருகையில் என்னிடம், அவுக அழுவுறதும் நெசந்தான், நான் என்ன செய்ய என்று கேட்டாள். எனக்கு என்ன சொல்லத் தெரியும்? என் வாயிலும் அந்தப் பிரார்த்தனைதான் இருந்தது.

அன்று சாயங்காலமே அவள் வேலையை ஆரம்பித்தாள். இலுப்பை எண்ணெய்ப் பிசுக்கு இலுப்பைப் புண்ணாக்குக்குத்தான் போகும். எண்ணெய் தேய்த்த தலையை நாங்கள் அதைக் கொண்டுதான் அலசுவோம். புண்ணாக்கை இடித்துக் கரைத்து, தேங்காய் நாரை வைத்து, முதல் மூன்று குழிகளைத் தரையில் நின்று தேய்த்தாள். மேலே எட்டவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முதல் குழியில் கால் வைத்தாள். பாறையைக் கண்டு வாந்தி எடுத்தவள், கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு குழியாகக் கையால் தடவித் தடவி ஏழாம் குழி வரைக்கும் போனாள். வாரம் தவறாமல் போனாள். அதற்கு மேலே பாறை வயிறு தள்ளி நிற்கும். பெண்பிள்ளையால் மட்டும் இல்லை, பழகாத யாராலும் ஆகாது. எட்டு முதல் பதினொன்று வரை இருந்த பிசுக்கை அண்ணனே சுரண்டிவிட்டான். இனிமேல் அந்த நாலு குழிக்கு யாருக்காகவும் எண்ணெய் கொண்டுபோவதில்லை என்று அவள் கையில் அடித்துச் சத்தியமும் செய்தான்.

இப்படி மூன்று மாதம் போயிற்று. நாலாம் குழியில் நின்று அவள் தேய்ப்பதை ஒருநாள் மருதாயி பார்த்துவிட்டாள்.

"புருசன் காலக் கழுவுறவ இப்ப சாமி காலயும் கழுவ வந்துட்டாடி" என்று கீழே நின்று சத்தம் போட்டாள்.

"ஒன் எண்ணெய் செலவாகலேன்னா ஒன் வீட்டு வாசப்படியில ஊத்து. ஊத்திட்டு நீயே மிதிச்சுப் பாரு" என்றாள் இவள், கீழே பார்க்காமல்.

அதோடு போயிருக்கும். மருதாயி விடவில்லை. மந்தையில் ஊர் கூடிற்று. அம்பலக்காரர் ஆவுடையப்பன் கெட்டவர் இல்லை, ஆனால் கூட்டம் எங்கே சாய்கிறதோ அங்கே சாய்கிறவர். பெண் கால் குழியில் படக்கூடாது, நேர்ந்துவிட்ட எண்ணெயைத் துடைக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியானால் தேனுக்கு ஏறுவதையும் நிறுத்துங்கள் என்றாள் மூக்காயி. தேனில்லாமல் உத்திரமா என்று கூட்டம் சிரித்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவள் வீட்டுக்கு வந்து ஒரு நீள மூங்கிலின் நுனியில் தேங்காய் நாரைக் கட்டினாள். கால்தானே படக்கூடாது என்றாள். அந்த மூங்கிலுக்கு ஐந்தாம் குழி வரைக்கும்தான் எட்டியது. ஆறையும் ஏழையும் அண்ணன் ஏறுகிறபோதே துணியால் துடைத்துக்கொள்வதாக ஏற்பாடு. மேல் நாலும் சுத்தமாகத்தான் இருக்கின்றன என்று அவள் நம்பியிருந்தாள்.

இனிமேல் சொல்லப்போவதை இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொன்னதில்லை.

மாசி மாதம். என் வீட்டுக்காரரிடமிருந்து காகிதம் வந்து ஒன்றேகால் வருஷம் ஆகியிருந்தது. கனவில் அவர் ஒரு ஆற்றங்கரையில் செருப்பில்லாமல் நிற்கிறார், தாண்டத் தெரியாமல் நிற்கிறார். விடிந்ததும் ஒரு கலயம் இலுப்பை எண்ணெயை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய், மதினி மூக்காயி ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அண்ணனிடம் கொடுத்தேன்.

"அண்ணே, கீழ ஏழும் இன்னைக்கு எரியும். மேல நாலுக்கு மட்டும் ஒரே ஒரு தடவ. எனக்காக."

அவன் கலயத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாங்கிக்கொண்டான்.

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை விடியற்காலை தேனுக்கு ஏறினான். மூக்காயி அவன் காலைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்பினாள். கால் காய்ந்துதான் இருந்தது. பனியில் எண்ணெய் உறைந்துகிடக்க, குழியெல்லாம் கல்லாகத்தான் இருந்திருக்கும். எனக்காக ஊற்றினதை அவன் துடைத்திருக்க மாட்டான். வெயில் பாறையில் இறங்கிற்று. அடுப்பு பற்றாத வீட்டில் அவளும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். இந்நேரம் கயிற்றைச் சுருட்டுவார், இந்நேரம் பதினொன்று, இந்நேரம் பத்து. நான் கொடுத்த எண்ணெயைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஒன்பதுவரை அவள் எண்ணியிருப்பாள். மேலே திட்டிலிருந்து திருப்பதியின் கூப்பாடு கேட்டது.

எட்டாம் குழியில் கால் போய்விட்டது. சரிந்துவந்தவனைப் பாறை இடுக்கில் முளைத்திருந்த இச்சிமரம் தாங்கிற்று. தேன்பானை சுக்குநூறு. இடது தொடை ஒடிந்து கால் பின்பக்கமாக மடிந்து கிடந்தது. மூக்காயி ஓடிப்போய் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, ஒடிந்த காலைப் பார்க்கவில்லை. முதலில் உள்ளங்காலைத் தடவினாள். விரலை மூக்கில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள்.

ஊர் மறுபடியும் கூடிற்று. குழியை மிதித்துக் கழுவினவளால்தான் சாமி காலை வாரிவிட்டது என்றார்கள். அபராதமாகப் பதினோரு வெள்ளிக்கிழமை அவளே எண்ணெய் ஊற்றிக் கும்பிட வேண்டும் என்றார்கள். உத்திரத்துக்குத் தேன் எடுக்க இனித் திருப்பதி ஏறட்டும், கயிறு பிடிக்க வேறு ஆள் பார்க்கலாம் என்றும் முடிவாயிற்று. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் நாத்தனார் கொடுத்தனுப்பின எண்ணெய் அது என்று. சொல்லவில்லை. நானும் அங்கேதான் நின்றேன், நானும் சொல்லவில்லை. எண்ணெய் ஊற்ற மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, உளுந்த மாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் பற்றுப் போட்டுவிட்டுப் போனார். நான் மூக்காயியின் காலில் விழப்போனேன். தடுத்துவிட்டாள்.

"ஒன் வீட்டுக்காரர் காலும் காலுதான் சின்னப்பிள்ள. ஊத்தாதேன்னு ஒன்ன எப்படிச் சொல்லுவேன். ஊத்துறவுக ஊத்தட்டும். ஏறுறவனுக்கு வேற குழி வேணும்."

பழைய குழிகளுக்குத் தெற்கே, விளக்குக்காரர்களின் கை படாத பக்கமாகப் புதிதாகப் பதினோரு குழிகள் வெட்ட வேண்டும் என்பது அவள் யோசனை. அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிற சவரியப்பன் என்று ஒருவர் குளத்தூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். ஊரில் ஒருத்தரும் போய்க் கூப்பிடத் தயாராக இல்லை. திருப்பதியை அனுப்பலாம் என்றால், அவன் ஊரைவிட்டு நகர்ந்தால் ஏறப் பயந்து ஓடிவிட்டான் என்பார்கள். அண்ணனுக்கோ அவள் பேச்சே பிடிக்கவில்லை. எங்கள் தாத்தன் கால் வைத்த குழி இருக்க எனக்கென்ன புதுக்குழி என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன், மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் பாறையில் விளக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது. வெள்ளைச்சாமி பிழைத்ததே விளக்கு மகிமை என்று புதிதாகவும் கூட்டம் வந்தது. திருப்பதி கயிற்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பான், மறுபடியும் சுருட்டுவான். அவனுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

அவள் போனதும், ஐந்தாம் நாள் சவரியப்பரோடும் அவருடைய பெண்சாதியோடும் திரும்பி வந்ததும், உத்திரத்துக்கு முந்தின நாள் திருப்பதி புதுக்குழியில் ஏறி இறங்கியதும் ஊர் பார்த்ததுதான். இன்றைக்கும் வடக்குக் குழிகளில் விளக்கு எரிகிறது, தெற்குக் குழிகளில் தேன்காரன் ஏறுகிறான். என் வீட்டுக்காரர் மூன்று வருஷம் கழித்துக் கப்பலில் வந்து இறங்கினார், ஒரு மலையும் ஏறாமல். சொர்ணவல்லி ஆச்சியின் மகன் வரவில்லை. இதெல்லாம் பிறகு நடந்தது. எனக்குச் சொல்ல வேண்டியது அவள் வாசலைத் தாண்டின அந்த நாள்.

நாலாம் நாள் காலை. கலயத்தில் கொஞ்சம் பழைய தேன் இருந்தது, கொத்துக்கூலிக்கு ஆடு இருந்தது. மூன்று வயது ரெங்கசாமியைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். அவள் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த அண்ணன் என்னைக் கூப்பிட்டு, மூலையில் கிடந்த பனைநார்க் கயிற்றை எடுத்துத் தரச் சொன்னான். படுத்தபடியே முழம் போட்டான். ஒரு முடிச்சு, மறுபடியும் முழம், மறுபடியும் முடிச்சு. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பதினோரு முடிச்சுப் போட்டான். இடையில் ஒரு முடிச்சை அவிழ்த்து, கொஞ்சம் கிட்டத்தில் மாற்றிப் போட்டான். பிறகு அவளைப் பார்க்காமல் என்னிடம் நீட்டினான்.

"இத அவகிட்ட குடு. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல கால் பத்தாது. ரெண்டு விரல் கொறச்சுக் கொத்தச் சொல்லு."

அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். வாங்கி முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். வாசலில் குத்தவைத்திருந்த திருப்பதியின் காலை எடுத்துத் தன் முழங்காலில் வைத்து, பாதத்தின் அகலத்தைக் கயிற்றின் வாலில் அளந்து ஒரு சின்ன முடிச்சுப் போட்டாள். பழக்கத்தில் உள்ளங்காலையும் ஒருதரம் தடவினாள். பிறகு ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

நான் பிள்ளையோடு தெருவரை வந்தேன். ஆடுகள் போக மாட்டேன் என்று இழுத்தன. அம்பலக்காரர் வீட்டு வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், மருதாயியும் நின்றாள். ஆட்டை ஓட்டிக்கொண்டு எங்கே கிளம்பிவிட்டாய் என்று அம்பலக்காரர் கேட்டார். மூக்காயி நின்றாள். தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"குளத்தூருக்குப் போறேங்க, கல்தச்சரக் கூட்டியார. உத்திரத்துக்கு ஒம்போது நாளுதான் இருக்கு. நான் வர்றதுக்குள்ள எந்தம்பிய அந்தக் குழியில ஏத்திராதீக."

அந்தத் தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனாள்.